அலையோடு அலையாக

1980களில் கலிபோர்னியக் கரைக்கு அப்பால், சான்டா குரூஸ் தீவை ஒட்டிய கடலில், இருட்டிய பிறகு மட்டும் ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் பக்கச்சுவர் அதற்குக் கிடையாது. இரு பக்கமும் பெரிய கறுப்புத் தகடுகள் சரிந்து ஏறி உச்சியில் கூடும். வெளியே தெரிவது அவ்வளவுதான். நீருக்குள் இரண்டு மெல்லிய உடல்கள் அதைத் தாங்கின. 50 மீட்டர் நீளக் கப்பலுக்கு மாலுமிகள் நாலே பேர். பெயர் ‘சீ ஷேடோ’. லாக்ஹீட் நிறுவனத்தின் ரகசியப் பட்டறையான ஸ்கங்க் ஒர்க்ஸ், ரெட்வுட் சிட்டியில் ஒரு மிதக்கும் கொட்டகைக்குள் வைத்து அதைக் கட்டியது. அந்தக் கொட்டகைக்கே ஒரு பூர்வகதை உண்டு. கடலடியில் கிடந்த சோவியத் நீர்மூழ்கி ஒன்றை 1974-இல் சிஐஏ யாருக்கும் தெரியாமல் தூக்கப் போனதே, அதற்கான ராட்சதக் கவ்வி உருவானதும் இதற்குள்தான்.

ரேடாருக்குத் தப்புகிறதா என்று பார்க்க, சீ ஷேடோவைத் தேட அமெரிக்கக் கடற்படை தன் நீர்மூழ்கி வேட்டை விமானங்களையே அனுப்பியது. ஓர் இரவில் அவை 57 முறை பறந்து தேடியும் இரண்டே தடவைதான் கப்பலைப் பிடித்தன, அதுவும் ஒன்றரை மைல் நெருங்கிய பிறகு. ஸ்கங்க் ஒர்க்ஸின் தலைவராக இருந்த பென் ரிச் தன் நினைவுக்குறிப்பில் இதைப் பெருமையோடு பதிவு செய்திருக்கிறார். ஆனால் பொறியாளர்களைக் குடைந்த ஒரு கேள்வியும் இருந்தது. கடல் அலைகளும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். காற்றடிக்கும் இரவில் திரை முழுக்க அந்த இரைச்சல் புள்ளி புள்ளியாக நிறைந்திருக்கும். சுற்றிலும் இரைச்சல் இருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் சத்தமே இல்லாமல் இருந்தால்? கவனமான ஆபரேட்டருக்கு அந்த வெற்றிடமே கப்பலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளிந்துகொள்ளும் கப்பல் ஊமையாகிவிடக் கூடாது; கடல் பேசுகிற அளவுக்கு அதுவும் பேச வேண்டும். கடற்படையின் ஸ்டெல்த், அதாவது ரேடாருக்கு மறையும் கலை, விமானத்தின் ஸ்டெல்த்திலிருந்து பிரிகிற இடம் இதுதான். விமானத்துக்குப் பின்னால் இருப்பது வெற்று வானம். கப்பலுக்குப் பின்னால், கீழே, சுற்றிலும் கடல்.

ரேடாரின் வேலை எளிமையானது. ஒரு துடிப்பை அனுப்பும், ஏதாவது திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும். அப்படியென்றால் கப்பல் செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்று: வந்த அலையை வந்த திசைக்கே திருப்பாமல் இருப்பது. பழைய போர்க்கப்பல்கள் இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டவை. கேரம் போர்டின் மூலைக்கு அருகே ஒரு சட்டத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் அதில் பட்டு, அடுத்த சட்டத்திலும் பட்டு, போன பாதைக்கு இணையாகவே உங்களை நோக்கித் திரும்பும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் இப்படித்தான். இரண்டு சட்டமும் 90 டிகிரியில் சந்திப்பதால் வரும் வினை இது. செங்குத்தான கப்பல் சுவரும் தட்டையான கடல்பரப்பும் அதே 90 டிகிரி மூலைதான். மேல்தளமும் அறைச் சுவரும் இன்னொரு மூலை. ஏணி, கைப்பிடிக் கம்பி, படகு தொங்கும் கொக்கி, பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டி என்று தளம் முழுக்க நூற்றுக்கணக்கான மூலைகள். ஒவ்வொன்றும் எதிரியின் ரேடாருக்கு விசுவாசமாகப் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் ஸ்டெல்த் கப்பலின் சுவர்கள் சாய்ந்திருக்கின்றன. சுவரை உள்பக்கமாக 10 டிகிரி சாய்த்தால், கிடைமட்டமாக வரும் அலை 20 டிகிரி மேல்நோக்கித் தெறிக்கும். 10 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கப்பலுக்கு அது எட்டும்போது மூன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போயிருக்கும். கேட்க அங்கே ஆள் இருக்காது. சரியான கோணத்தில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தால் அதற்கு நல்ல விருந்து என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரிடமிருந்து மறைவது என்பதை வடிவமைப்பாளர் முதலிலேயே முடிவு செய்துகொள்கிறார். எல்லாரிடமிருந்தும் மறைகிற கோணம் என்று ஒன்று கிடையாது.

தட்டையான பரப்பு அலையை எங்கே அனுப்பும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. தட்டை முடியும் விளிம்பில் அலை எப்படிச் சிதறும் என்பதுதான் கடினமான கணக்கு. அதற்கு வழி சொன்னவர் பியோத்ர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர். 1962-இல் வந்த அவருடைய நூலைச் சோவியத் அரசு ரகசியமாக்கவில்லை, அதனால் யாருக்கு என்ன பயன் என்று நினைத்திருக்கலாம். 1971-இல் அமெரிக்க விமானப்படை அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. லாக்ஹீடின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் கையில் அது சிக்கியது. அதிலிருந்து கிளம்பியதுதான் ஸ்டெல்த் விமானம், பிறகு சீ ஷேடோ. தன் சமன்பாடுகள் எதிர்முகாமில் ஆயுதமாகி நிற்பதை எழுதியவர் பின்னால்தான் அறிந்தார்.

இனி ஒரு கொடுமையான கணக்கு. கப்பலின் ரேடார் எதிரொலியைப் பாதியாக்கினால், அது கண்ணில் படும் தூரமும் பாதியாகும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். ஆகாது. 16 சதவீதம்தான் குறையும். ரேடார் அலை போகும்போது விரிந்து மெலிகிறது. திரும்பும்போது மறுபடி விரிந்து மெலிகிறது. அதனால் தூரம் எதிரொலியின் நான்காம் மூலத்தைப் பொறுத்தே மாறும். தூரத்தைப் பாதியாக்க எதிரொலியைப் பதினாறில் ஒன்றாக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்கவோ, பத்தாயிரத்தில் ஒன்று. ஒரு கைப்பிடிக் கம்பியை எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட முடியாது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் கிடைக்கிற லாபம் கொஞ்சம்.

இத்தனை பாடும் சின்னக் கப்பலுக்கு எதற்கு? 1967 அக்டோபர் 21 அன்று போர்ட் சயீத் அருகே எகிப்தின் சின்னஞ்சிறு கோமார் ரகப் படகுகள் ஏவிய ஏவுகணைகளால் எய்லாத் என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பல் மூழ்கியது. நாலாண்டு கழித்து, 1971 டிசம்பர் 4 இரவில், இந்தியக் கடற்படையின் நிர்காட், நிபாத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கப் போயின; பாகிஸ்தானின் கைபர் கப்பலை நிர்காட் மூழ்கடித்தது. சின்னப் படகு பெரிய கப்பலைக் கொல்ல முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. மறுபக்கம், ஏவுகணைக்கும் ரேடார் கண் உண்டு. சின்னப் படகு ஒரே அடியில் போய்விடும், கவசம் சுமக்க அதில் இடமில்லை. 1973 அக்டோபரில் லடாக்கியா கடற்சண்டையில் இஸ்ரேல் இதற்கொரு விடை காட்டியது. எதிரியின் ரேடாரைக் குழப்பும் மின்னணுத் தந்திரங்களாலும், காற்றில் தூவிய உலோகத் துகள் மேகங்களாலும் சிரியாவின் ஏவுகணைகளைத் திசைதிருப்பியது. அந்தத் துகள் மேகம் ஏவுகணைக்குக் கப்பலைவிடப் பெரிதாகத் தெரிந்தால்தான் பலிக்கும். ஸ்டெல்த்தின் உண்மையான சம்பாத்தியம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பல் முழுக்க மறையத் தேவையில்லை. தான் வீசிய பொய்யைவிடச் சிறியதாகத் தெரிந்தால் போதும்.

இதை முழுமூச்சாக எடுத்துக்கொண்ட நாடு ஸ்வீடன். அதற்குக் காரணம் அதன் வாசலிலேயே இருந்தது. 1981 அக்டோபர் 27 அன்று, கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சோவியத் நீர்மூழ்கி பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. விஸ்கி ரகம்; உலகப் பத்திரிகைகளுக்குத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளெல்லாம் ஸ்வீடனுக்கு நீர்மூழ்கி வேட்டையிலேயே கழிந்தன. பால்டிக் கடல் ஆழம் குறைந்தது. கரையோரம் ஆயிரக்கணக்கான தீவுத் துணுக்குகள். பெரிய கப்பல் அங்கே வேலைக்காகாது. 1991-இல் ஸ்மிகே என்ற 30 மீட்டர் சோதனைக் கப்பலை நீரில் விட்டுப் பாடம் படித்தார்கள். அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் விஸ்பி ரகம். 2000-ஆம் ஆண்டு ஜூனில் அதே கார்ல்ஸ்க்ரோனாவின் கோக்கும்ஸ் கட்டுமானத் தளத்தில் முதல் கப்பல் நீரில் இறங்கியது. மொத்தம் ஐந்து கட்டினார்கள்.

விஸ்பியின் நீளம் 73 மீட்டர், எடை 640 டன், மாலுமிகள் 43 பேர். அதன் மேல்தளத்தில் நடந்தால் முதலில் தெரிவது வெறுமை. தடுப்புக் கம்பி, நங்கூரம், கயிறு கட்டும் குமிழ் எதுவும் வெளியே இல்லை; எல்லாம் மூடிகளுக்குள். ஏவுகணைகள் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கின்றன. பக்கச்சுவரில் கதவு திறந்தால்தான் அவை பிறக்கும். புகைபோக்கி கிடையாது. முன்னால் இருக்கும் 57 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கியைப் பார்த்தால் பல முகம் வெட்டிய ஒரு குவிமாடம் மட்டும் தெரியும், குழாயைக் காணோம். குழாய் உள்ளே மடிந்து படுத்திருக்கிறது. சுட வேண்டிய நேரத்தில் மூடி பிளந்து, குழாய் எழுந்து நீட்டிக்கொள்ளும். உருண்டையான ஓர் உலோகக் குழாய் எந்தப் பக்கம் பார்த்தாலும் கொஞ்சம் எதிரொலி தரும் என்பதற்காக இவ்வளவு வேலை. மேலே சொன்ன நான்காம் மூலக் கணக்கை யாரோ ஒருவர் கண் துஞ்சாமல் நம்பியிருக்கிறார்.

விஸ்பியின் உடல் எஃகு இல்லை. கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த இரு மெல்லிய தோல்கள், நடுவே பிவிசி நுரை. ஏன் கார்பன்? நம் கடற்கரையில் இழுத்துப் போட்டிருக்கும் ஃபைபர் படகைப் போலக் கண்ணாடி இழையில் கட்டியிருக்கலாமே? கண்ணாடி இழைக்குள் ரேடார் அலை கிட்டத்தட்ட ஊடுருவிப் போய்விடும் என்பதுதான் சிக்கல். நாகப்பட்டினத்திலோ குளச்சலிலோ இருந்து கிளம்பும் ஃபைபர் படகு இரவில் சரக்குக் கப்பலின் ரேடாரில் சரியாகப் படுவதில்லை. அலையில் படகு அமுங்கும்போது சுத்தமாகப் படுவதில்லை. மோதலில் உயிர்கள் போகின்றன. அதற்குத்தான் படகின் கம்பத்தில் மாட்ட ரேடார் பிரதிபலிப்பான் என்று ஒன்று விற்கிறார்கள். மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் சேர்த்தால் தீர்ந்தது. போர்க்கப்பல் ஒழித்துக்கட்டப் பார்க்கும் அதே மூலையை மீனவர் காசு கொடுத்து வாங்கி உச்சியில் மாட்டுகிறார்.

சரி, ஊடுருவிப் போனால் போர்க்கப்பலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஊடுருவிய அலை உள்ளே இருக்கும் இன்ஜின், குண்டுகள், குழாய்கள், அலமாரிகள் எல்லாவற்றின் மூலையிலும் பட்டுத் திரும்பும். வெளித்தோலை எவ்வளவு அழகாகச் சாய்த்தும் புண்ணியமில்லை. கார்பன் இழையில் மின்சாரம் பாயும். ஆகவே அது ரேடார் அலையை உள்ளே விடாமல் தெறிக்கவிடும். எங்கே தெறிக்க வேண்டும் என்று வடிவம் பார்த்துக்கொள்ளும். ரேடாரை உறிஞ்சும் மாயப் பூச்சு ஒன்றைத் தடவியதும் கப்பல் மறைந்துவிடுகிறது என்பது பரவலான கற்பனை. உறிஞ்சும் பொருள்கள் உண்டு, தப்பவே முடியாத சில மூலைகளில் பயன்படுகின்றன. பெரும்பங்கு வேலையைச் செய்வது வடிவம்தான். கண்ணாடி ஜன்னல்களிலும் இதே ஓட்டை உண்டு: ஒளிக்கு வழிவிடும் கண்ணாடி ரேடாருக்கும் வழிவிடும். எனவே ஸ்டெல்த் வாகனங்களில் கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கடத்தும் படலம் ஒன்றைப் பூசுகிறார்கள்.

கார்ல்ஸ்க்ரோனாவில் தேர்ந்த இந்தக் கைவேலை இந்தியாவுக்கும் வந்தது. கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் தளம் கட்டிய நீர்மூழ்கி வேட்டைக் கப்பல்களான கில்டன், கவரத்தி இரண்டின் மேற்கட்டுமானம் கோக்கும்ஸ் செய்து கொடுத்த கார்பன் இழைக் கட்டமைப்புதான். 2017 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கில்டன் பணியில் சேர்ந்தது. எஃகு உடலின் மேல் கார்பன் உட்கார்ந்திருப்பதால் உச்சி எடை குறைந்து கப்பல் நிதானமாக நிற்கிறது என்பது கூடுதல் வரவு.

ரேடார் ஒன்றுதான் எதிரி என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். எரிவாயு டர்பைன் கக்கும் சூடு அகச்சிவப்புக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். விஸ்பியில் நாலு டர்பைன்கள். அவற்றின் புகை பின்புறம், நீர்மட்டத்துக்கு அருகே வெளியேறுகிறது. இரும்பு கடலடிக் காந்தக் கண்ணிவெடியை எழுப்பிவிடும், கார்பன் எழுப்பாது. மீதமிருக்கும் இன்ஜின் இரும்புக்குக் காந்த ஈடு செய்யும் கம்பிச் சுருள்கள் உண்டு. சுழலும் உந்திக்குப் பின்னால் நீரில் குமிழிகள் உண்டாகி வெடித்துக் கொண்டே இருக்கும். நீர்மூழ்கியின் காது அதை வெகுதூரத்திலிருந்தே பிடிக்கும். எனவே விஸ்பிக்கு உந்தி கிடையாது, நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட்தான். மெதுவாக ஊரும்போது டர்பைன்களை நிறுத்திவிட்டு டீசலில் போகும்.

ஆனால் கப்பல் தானே வாய் திறந்தால் இதில் எதுவும் உதவாது. தன் ரேடாரை இயக்கிய கணத்தில், அந்தத் துடிப்பு தன்னைத் தேடும் ஒவ்வொரு ஏற்பியிலும் விழும். எதிரொலி என்பது போய்த் திரும்பிய மெலிந்த அலை. நேராகக் கேட்பவருக்கோ அது பாதி வழிதான் வர வேண்டும். ரேடார் பார்க்கும் தூரத்தைவிட, ரேடாரைக் கேட்கும் தூரம் பொதுவாக அதிகம். எனவே ஸ்டெல்த் கப்பல் பெரும்பாலும் குருடாகவே ஓட வேண்டும். பிறர் பார்த்ததை ரேடியோ இணைப்பில் வாங்கிக்கொண்டு, பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டு. இது பொறியியலைவிடப் பயிற்சியின் சமாச்சாரம்.

விஸ்பியின் மறைவு எவ்வளவு? எதிரி ரேடாரைக் குழப்பும் கருவிகள் இல்லாமலே, கொந்தளிக்கும் கடலில் 13 கிலோமீட்டர், அமைதியான கடலில் 22 கிலோமீட்டர் நெருங்கினால்தான் ரேடாரில் படும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொந்தளிப்பில்தான் அது நன்றாக மறைகிறது என்பதைக் கவனியுங்கள். கடல் உரக்கப் பேசும்போது கப்பலின் முணுமுணுப்பு அதில் கரைந்துபோகிறது.

மறைக்கவே முடியாத ஒன்றும் உண்டு: ஓடிய தடம். சீ ஷேடோவின் முதல் சோதனைகளில் பின்னால் நீண்ட வெள்ளைத் தடம் அநியாயத்துக்குப் பெரிதாக இருந்ததாம். ஆராய்ந்தால் உந்திகளைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள். திருத்தியதும் அடங்கியது. நார்வேயின் ஷோல்ட் ரகக் கப்பல்கள் 47 மீட்டர் நீளமும் 274 டன் எடையுமாய், காற்று மெத்தையின் மேல் 60 நாட், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் பறக்கின்றன. அந்த வேகத்தில் கிளம்பும் நுரைக்கு எந்த ஸ்டெல்த்தும் கிடையாது. ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடல் இடுக்குகளின் பாறைச் சுவர்களை ஒட்டி அசையாமல் காத்திருந்து, சுட்டுவிட்டு ஓடுவதற்கானவை அவை.

மறைவுக்கு விலையும் உண்டு. 2018 நவம்பர் 8 அதிகாலை, நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற போர்க்கப்பல் (இது பெரிய கப்பல்) எண்ணெய்க் கப்பல் ஒன்றில் மோதியது, பிறகு மூழ்கியது. ஒவ்வொரு கப்பலும் தன் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் கருவியை அது கேட்க மட்டும் வைத்திருந்தது, பேசவிடவில்லை. எண்ணெய்க் கப்பலின் ரேடாரில் ஒரு புள்ளி தெரிந்தது, அது யாரென்று தெரியாமலே பொன்னான நிமிடங்கள் போயின. தவறுகள் பல கூடித்தான் விபத்து. 137 பேரும் உயிர் தப்பினார்கள்.

விஸ்பியின் விலை வேறு விதம். கண்ணில் படாத கப்பலுக்கு வான்தாக்குதலைத் தடுக்கும் ஏவுகணை எதற்கு என்று ஒரு காலத்தில் வாதம் எடுபட்டிருக்க வேண்டும், திட்டமிட்டிருந்ததையும் கைவிட்டார்கள். 2014 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் அந்நிய நீர்மூழ்கி ஒன்றைத் தேடியபோது, கரையிலிருந்து கேமராக்கள் விஸ்பியைத்தான் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தன. ரேடாருக்குத் தப்பிய கப்பல் தொலைக்காட்சிக்குத் தப்பவில்லை. இப்போது ட்ரோனும் செயற்கைக்கோளும் அதே வேலையைச் செய்கின்றன. 2023 நவம்பரில் ஸ்வீடன் இந்த ஐந்து கப்பல்களுக்கும் சீ செப்டர் வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. முதல் கப்பல் நீரில் இறங்கி 23 வருடம் கழித்து.

இதற்கிடையில் கருங்கடலில் ஸ்டெல்த் வேறொரு வழியில் போய்விட்டது. உக்ரைனின் மகுரா வி5 ஆளில்லாப் படகின் நீளம் ஐந்தரை மீட்டர். நீருக்கு மேல் தெரியும் உயரம் அரை மீட்டர். பூமியின் வளைவுக்கு அப்பால் ரேடார் பார்க்க முடியாது. 25 மீட்டர் உயர ரேடாருக்கு 16 மீட்டர் உயரக் கப்பல் 37 கிலோமீட்டரில் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டும். அரை மீட்டர் உயரப் படகோ 24 கிலோமீட்டருக்குள் வந்தாக வேண்டும். வந்தாலும் அலையின் உயரம் அதைவிட அதிகம். அலைகளின் எதிரொலிக்குள் அது இன்னொரு அலை. நகரும் பொருளை அலையிலிருந்து பிரித்தெடுக்க ரேடார் வேகத்தைப் பார்க்கும். படகு நிதானமாக வந்தால் அதன் வேகமும் அலையின் வேகமும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசிக் கட்டத்தில் அது பாய்ந்து வரும்போதுதான் தனியாகத் தெரியும், அப்போது மிஞ்சுவது சில நொடிகள். 2024 பிப்ரவரி 1 இரவில் கிரிமியாவின் டோனுஸ்லாவ் ஏரிமுகத்தில் நின்ற இவானோவெட்ஸ் என்ற ரஷ்யக் கப்பலை இப்படிப்பட்ட படகுகள் அடுத்தடுத்துத் தாக்கி மூழ்கடித்தன. இவானோவெட்ஸ் 56 மீட்டர் நீள ஏவுகணைக் கப்பல். எய்லாத்தை மூழ்கடித்த கோமாரின் வாரிசு ரகம்தான்.